தலைமைக்குத் துணை நிற்போம்

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பது முன்னோர் வாக்கு. திருவரங்கத்துத் தேரைக் கண்ட நமக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. பள்ளியும் ஒரு தேரே. வடம் பிடிப்போர் இன்றித் தலைமையாசிரியர் ஒருவரால் மட்டும் அதனை நகர்த்த இயலாது. நம் சமுதாயத்தின் கல்வி வரலாறு இவ்வுண்மையைத் தெளிவாக உணர்த்துகின்றது.

பழைய திண்ணைப் பள்ளியில் ஆசிரியருக்குச் சட்டாம்பிள்ளை துணையாக இருந்தான். மூத்த மாணவன் இளையோர்க்குக் கற்பிக்கும் முறையைச் சென்னையில் கையாண்ட ஆண்ட்ரூ பெல் பாதிரியார், 1797இல் அதனை நூலாக வெளியிட்டார். 'சென்னை முறை' என்னும் பெயரால் அது இங்கிலாந்திலும் பரவியது. தலைமைக்குத் தோள் கொடுக்க ஒருவர் வேண்டும் என்பதை உலகிற்கு உணர்த்திய அத்திண்ணையில், நம் பிள்ளைகளுக்கு மட்டும் இடமில்லாதிருந்தது.

1894இல் கர்னல் ஆல்காட் நம் மக்களுக்கென முதல் இலவசப் பள்ளியைச் சென்னையில் தொடங்கினார். நாளடைவில் அவை ஐந்தாயின. பள்ளிகளைத் திறந்ததோடு பணி முடிந்தது என்று அவர் கருதவில்லை. பால்மர், கோர்ட்ரைட் ஆகிய மேல்நாட்டுப் பெண்மணிகள் அப்பள்ளிகளை மேற்பார்வையிட்டு, ஆசிரியர்களுக்குப் புதிய முறைகளில் பயிற்சியளித்தனர். கோர்ட்ரைட் அம்மையார் அவ்வனுபவத்தை 1906இல் நூலாகவே வெளியிட்டார். மேற்பார்வை என்பது குற்றம் காண்பதற்கன்று, வழிகாட்டுவதற்கே என்பதற்கு இது சான்றாகும்.

1920 முதல் சென்னை மாகாண அரசின் லேபர் இலாகா நம் சேரிகளில் பள்ளிகளைத் திறந்தது. 'லேபர் ஸ்கூல்' என்று நம் பெரியோர் அழைத்த அவையே பின்னாளில் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளாயின. அவற்றுள் பல ஓராசிரியர் பள்ளிகள். பாடம் சொல்பவரும் அவரே; பதிவேடு எழுதுபவரும் அவரே; வயலுக்குச் சென்றுவிட்ட பிள்ளையைத் தேடி அழைத்து வருபவரும் அவரே. பள்ளி கிடைத்தது, அதனை நடத்துபவருக்குத் துணை கிடைக்கவில்லை.

இக்குறையைப் போக்க ஊராரையே துணையாக்கினார் நெ. து. சுந்தரவடிவேலு. 1954இல் பொதுக்கல்வி இயக்குநரான அவர், காமராசர் ஆட்சியில் 1956இல் மதிய உணவுத் திட்டத்தை ஊர்மக்களின் நன்கொடையோடு செயல்படுத்தினார். 1958 முதல் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் மக்கள் பலகையும் பெஞ்சும் நிலமும் மனமுவந்து அளித்தனர்.

1978இல் மேல்நிலைக் கல்வி வந்தபின் தலைமையாசிரியரின் சுமை பெருகியது. பெரிய பள்ளிகளில் உதவித் தலைமையாசிரியர் அச்சுமையைப் பகிர்ந்துகொள்கிறார். யான் பணியாற்றிய பள்ளியொன்றில் அவ்விடம் ஓராண்டு நிரப்பப்படாதிருந்தது. அப்போது நம் இளைஞர் இருவர் மாலைதோறும் வந்து, உதவித்தொகை விண்ணப்பங்களை நிரப்பித் தந்தனர். அவ்வாண்டு ஒரு பிள்ளைக்கும் உதவித்தொகை தவறவில்லை.

தலைமையாசிரியர்க்குப் பயிற்சி வேண்டும் என்பதை இன்று அரசும் உணர்ந்துள்ளது. பள்ளித் தலைமைக்கெனத் தேசிய மையம் ஒன்று 2012இல் புதுதில்லியில் அமைந்தது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு இடத்தைப் பெற்றோர்க்கு வழங்கியுள்ளது. குழு உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். சட்டம் தந்த அந்நாற்காலியில் நம் தாய்மார்கள் அமர்ந்து வாய் திறந்து பேச வேண்டாமா?

நம்மவர் ஒருவர் தலைமைப் பொறுப்பில் அமர்ந்தால், அவரது சிறு பிழையும் சமுதாயத்தின் பிழையாகப் பேசப்படுகிறது. அவரைத் தனியே விட்டுவிட்டு, 'நம்மவர் தலைமையாசிரியர்' என்று பெருமை கொள்வது முறையாகாது.

இளைஞர்களே! திருச்சியிலாயினும் ஸ்ரீரங்கத்திலாயினும், குறை சொல்வதற்கு மட்டும் பள்ளிப் படி ஏறாதீர்கள். 'ஐயா, நாங்கள் என்ன செய்ய வேண்டும்?' என்று கேட்டு ஏறுங்கள். பள்ளிக்கு வராத பிள்ளைகளின் பெயர்களைக் கேட்டு வாங்கி, அவர்தம் வீடு சென்று அழைத்து வாருங்கள். நம் சங்கத்தின் வெள்ளிவிழா ஆண்டில் தொடங்கத் தக்க பணி இதுவே. வடம் நம் கைக்கு எட்டும் தொலைவில் இருக்கிறது. பற்றி இழுப்போம்!