வெண்பனிப் பளிங்கும் ஒளிப்படச் சான்றும்

அக்குறணையில் வெண்பனி வீழ்வதில்லை. தமிழரின் ஆறு பருவங்களுள் இரண்டு பனியின் பெயரால் வழங்கினும், அப்பனி இலைநுனியில் திரளும் நீர்த்துளியே. நுவரெலியாவில் தை மாதத்தில் தேயிலைக் கொழுந்தைக் கருக்கும் உறைபனிக்கு அப்பால் நமக்கு அனுபவம் இல்லை. எனினும் சித்திரை, ஐப்பசிப் பிற்பகல்களில் இடியுடன் பெய்து பிங்கா ஓயாவைப் பெருகச் செய்யும் மழையின் ஒரு பகுதி, ஏறத்தாழ 5 கிலோமீற்றருக்கு மேலே பனிப்பளிங்காகத் தோன்றி, வீழ்கையில் உருகி வருவதாகும். ஆதலின் அப்பளிங்கைப் படம்பிடித்தோர் வரலாறு நமக்கு முற்றிலும் அயலானதன்று.

வெண்பனி ஏன் அறுகோணமாய் அமைகிறது என்று 1611இல் கெப்ளர் வினவினார். 1665இல் றொபேட் ஹூக் நுணுக்குக்காட்டியில் தாம் கண்ட உருவங்களை வரைந்து வெளியிட்டார். ஆயின் வரைந்து முடியுமுன் உருகிவிடும் பொருளுக்குக் கைச்சித்திரம் எவ்வளவு சான்றாகும்?

இவ்விடர்ப்பாட்டைக் கடந்தவருள் தலையாயவர் பல்கலைக்கழகம் எதனையும் சாராத ஒரு விவசாயி. ஐக்கிய அமெரிக்காவின் வேர்மொன்ற் மாநிலத்து ஜெரிக்கோ என்ற ஊரினரான வில்சன் பென்ற்லி (1865–1931), நுணுக்குக்காட்டியோடு ஒளிப்படக் கருவியை இணைத்து, 1885 சனவரி 15ஆம் நாள் தம் முதற் படத்தைப் பெற்றார். கறுத்த பலகையில் பனியை ஏந்தி, மூச்சுக்காற்றுப் படாதவாறு மெல்லிய குச்சியால் ஒரு பளிங்கைக் கண்ணாடித் தகட்டுக்கு மாற்றி, வெப்பமூட்டாத கொட்டிலில் நின்றே படம்பிடித்தார். இவ்வாறு சேர்ந்தவை 5,000இற்கும் மேல். அவற்றுள் 2,400இற்கும் மேற்பட்டவை 1931இல் நூலாயின. அவ்வாண்டின் இறுதியிலேயே அவர் மறைந்தார்.

இப்படங்களின் அழகு ஐயத்துக்கும் இடமளித்தது. பளிங்கைச் சுற்றியுள்ள பரப்பைக் கருமையாக்குவதற்காகப் பென்ற்லி நெகற்றிவின் பூச்சைக் கத்தியாற் சுரண்டி நீக்கினார். 1893இல் ரிச்சட் நொய்கவுசின் படங்களோடு நூல் வெளியிட்ட ஜேர்மானியர் குஸ்தாவ் ஹெல்மன், இச்செயல் பளிங்கின் விளிம்பையே சிதைப்பதெனக் கண்டித்தார். நொய்கவுசின் படங்களிலோ சமச்சீர் குன்றிய பளிங்குகள் பல. இயற்கையில் மிகுதியாக வீழ்வனவும் அத்தகையனவே. சுரண்டியதைக் காட்டிலும் தெரிந்தெடுத்ததே பெரிய குறை என்பது எமது கருத்து. ஒடிந்த பளிங்கைப் பென்ற்லி பெரிதும் ஒதுக்கினார். உலகம் அவர் தொகுப்பையே பனியின் முழு இயல்பெனக் கொண்டது. அவர் உழைப்பின் நேர்மையை இது குறைப்பதன்று.

ஹொக்கைடோ பல்கலைக்கழகத்து நகயா உகிச்சிரோ ஒதுக்கப்பட்டவற்றையும் சேர்த்தே படம்பிடித்து வகைப்படுத்தினார். 1936இல் குளிரறையில், முயல் மயிரொன்றின் நுனியில், முதற் செயற்கைப் பனிப்பளிங்கை வளர்த்தார். வெப்பநிலையும் ஈரப்பதமுமே வடிவை விதிக்கின்றன என்பது அதன்வழிப் புலனாயிற்று: உறைநிலைக்குக் கீழே 5 பாகையளவில் ஊசியும் தூணும், 15 பாகையளவில், ஈரப்பதம் மிகுந்தால், கிளைத்த விண்மீன். அவர் வகுத்த வரைபடத்தின்படி, ஒழுங்கற்ற பளிங்கும் தான் கடந்துவந்த முகிற்படைகளின் நிலையைப் பதிந்துகொண்டே வீழ்கிறது.