அன்னாசித் தோலும், இரண்டு பகல் இரண்டு இரவும்



என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த ஒருவர் இப்போது மெக்சிகோவில் வேலை பார்க்கிறார். போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். கண்ணாடி ஜாடியில் அன்னாசித் தோல், நம் வெல்லம் போன்ற ஒரு கட்டி, பட்டை, தண்ணீர். "இதற்குத் தெபாச்சே என்று பேர் சார். இரண்டு மூன்று நாளில் புளித்து நுரைக்கும். தெருவில் வண்டியில் விற்கிறார்கள். நம்மிடம் இப்படி ஏதாவது இருந்ததா?" என்று கேட்டிருந்தார்.

இருந்தது. அதைச் சொல்வதற்கு முன் ஒரு தவற்றைத் திருத்த வேண்டும்.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் ஒரு காட்சி. மாங்கனி உதிர்ந்து, தேன் சிந்தி, பலாப்பழம் நெகிழ்ந்து விழுந்து, எல்லாம் கலந்து புளித்துத் தேறலாகிக் கிடக்கிறது. மயில் அதைத் தண்ணீர் என்று குடித்துவிடுகிறது. விழாவில் கயிற்றின் மேல் ஆடும் பெண்ணைப் போலத் தள்ளாடுகிறது. இதை வகுப்பில் கதையாகச் சொன்னபோது தேறலை நான் "பழச்சாறு" என்றுவிட்டேன். "சாறு குடிச்சா ஏன் சார் தள்ளாடணும்?" என்று பின் பெஞ்சிலிருந்து ஒருவன் கேட்டான். "வயிறு ரொம்பிடுச்சு" என்று சமாளித்தேன். கேட்டவன் இதைப் படித்தால், நீ கேட்டதுதான் சரி.

பழத்தோலில் கண்ணுக்குத் தெரியாத ஈஸ்ட் ஒட்டியிருக்கிறது. அது சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தையும் கரியமில வாயுவையும் உண்டாக்கும். மெக்சிகோ ஜாடியிலும் கபிலர் மலையிலும் நடப்பது இதுதான். தெபாச்சே முதலில் மக்காச்சோளத்தில் செய்த பானம். பெயரே அந்நாட்டுப் பழங்குடி மொழியான நாவாட்டில் சோளப் பானத்தைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. அன்னாசி பின்னால் வந்து சேர்ந்தது. நமக்கும் அன்னாசி போர்ச்சுக்கீசியர் வழியாக வந்த விருந்தாளிதான்.

தானியத்தில் செய்ததும் நம்மிடம் உண்டு. அதுவும் பீர்க்கன்கரணை அடங்கிய இதே தொண்டை நாட்டில்! காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பற்றிக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, வலைஞர் வீட்டுச் செய்முறையை முழுசாகவே தருகிறது. குற்றாத அரிசியைக் களியாகக் கிண்டி, வாயகன்ற தட்டில் ஆறவைத்து, புற்றாஞ்சோறு போலிருக்கும் அடையைக் கலந்து (உரைகாரர்கள் நெல்முளை அடை என்கிறார்கள்), சாடியில் இரண்டு பகல் இரண்டு இரவு வைத்து, வெந்நீர் சேர்த்து விரலால் அலைத்து வடிக்க வேண்டும். தொட்டுக்கொள்ளச் சுட்ட மீன். புலவருக்கு இதில் கூச்சமே இல்லை. கூச்சம் எனக்குத்தான் இருந்தது.

அரிசியும் பழமும் மறைந்து, நாம் அறிந்த காலத்தில் பனையும் தென்னையுமே மிஞ்சின. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் சில மணி நேரத்தில் கள். 1937இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1971இல் தளர்த்தினார்கள், பிறகு மூடினார்கள், 1981இல் திறந்தார்கள். 1987 முதல் கள் இறக்கத் தடை. ஆலையில் காய்ச்சிய சரக்கை அரசே விற்கிறது. மரம் ஏறுகிறவர் மட்டும் குற்றவாளி. குடியால் சீரழிந்த குடும்பங்களை ஆசிரியராக நிறையப் பார்த்தவன் நான், குடிக்குப் பரிந்து பேசவில்லை. ஆனாலும் இந்தக் கணக்கு எனக்குப் புரிந்ததில்லை.

மெக்சிகோ மாணவருக்கு இவ்வளவையும் எழுதிவிட்டு, ஜாடி மூடியை இறுக்கி மூடாதே, வாயு சேர்ந்தால் வெடிக்கும் என்றும் சேர்த்து எழுதினேன். "ஏற்கெனவே ஒன்று வெடிச்சிடுச்சு சார்" என்று பதில் வந்தது.