அடுக்குச் சக்கரச் சுழல்காட்டி

வேகமாகச் சுழலும் தட்டையான சக்கரம் ஒன்றையும், அதைச் சுழற்றும் பகுதி, தாங்கும் பகுதி, அதன் சாய்வை அளக்கும் பகுதி ஆகியவற்றையும் மெல்லிய தளங்களாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிச் செய்யும் சிறிய சுழற்சி உணரியே அடுக்குச் சக்கரச் சுழல்காட்டி. ஜைரோஸ்கோப் என்ற பெயரில் கப்பலிலும் விமானத்திலும் ராக்கெட்டிலும் நாம் அறிந்த கருவியின் மிகச் சிறிய வடிவம் இது. சுழலும் பம்பரம் தன் அச்சின் திசையை எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. அந்தப் பிடிவாதத்தின் அளவைக் கோண உந்தம் என்கிறோம். கருவியைத் தாங்கும் வாகனம் திரும்பும்போது சக்கரம் பழைய திசையிலேயே நிற்க முயல்கிறது. இரண்டுக்கும் இடையே தோன்றும் கோணத்தை அளந்தாலோ, சக்கரத்தையும் கூடவே திரும்ப வைக்கத் தேவைப்படும் விசையை அளந்தாலோ வாகனம் எவ்வளவு திரும்பியது என்று தெரிந்துவிடும். சக்கரத்தை எப்படி மேலும் வேகமாகச் சுற்ற வைத்தார்கள் என்ற கதையாகவே இக்கருவியின் வரலாறு பெரும்பாலும் சொல்லப்படுகிறது. சான்றுகளைப் பார்த்தால் வேகம் என்றுமே பெரிய சிக்கலாக இருந்ததில்லை. சக்கரத்தைப் பிடித்திருப்பது எப்படி, அதுவும் அதன் அச்சைத் திருப்பிவிடாமல் பிடித்திருப்பது எப்படி என்பதே இருநூறு ஆண்டுக் கேள்வி. அடுக்கு வடிவமும் அந்தக் கேள்விக்குக் கிடைத்த ஒரு விடைதான்.

ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் யோஹான் போனன்பெர்கர் 1817இல் ஒரு கருவியை விவரித்து எழுதினார். ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த வளையங்களின் நடுவே ஒரு கனமான கோளம் சுழலும் அமைப்பு அது. பூமியின் அச்சு எப்படி மெல்லத் திசை மாறுகிறது என்பதை மாணவர்களுக்குக் காட்டவே அது பயன்பட்டது. பிரான்சின் லியோன் ஃபூக்கோ 1852இல் அதையே அளவுக்கருவியாக மாற்றி, ஜைரோஸ்கோப் என்ற பெயரையும் இட்டார். முந்தைய ஆண்டு தன் ஊசலால் பூமியின் சுழற்சியைக் காட்டியிருந்த அவர், இப்போது அதைச் சக்கரத்தாலும் காட்ட விரும்பினார். கையால் சுற்றிவிட்ட சக்கரம் சுமார் பத்து நிமிடமே பயனுள்ள வேகத்தில் ஓடியது. பூமி மணிக்கு 15 பாகை சுழல்வதால், பத்து நிமிடத்தில் கிடைப்பது இரண்டரைப் பாகை மட்டுமே. அந்தச் சிறு அசைவை அவர் நுண்ணோக்கியால் பார்க்க வேண்டியிருந்தது. அந்த இரண்டரைப் பாகை பூமியின் சுழற்சியால் வந்ததா, வளையங்களின் உராய்வு அச்சைத் தள்ளியதால் வந்ததா என்ற ஐயத்தைப் போக்க, வளையத்தை முறுக்கற்ற நூலில் தொங்கவிட்டு, கத்திமுனைகளில் அமர்த்தினார். அவருடைய உழைப்பில் பெரும்பகுதி சக்கரத்துக்குப் போகவில்லை, அதைத் தாங்கிய நூலுக்கும் முனைகளுக்குமே போனது.

மின்மோட்டார் வந்ததும் சக்கரம் நிற்காமல் ஓடும் வழி பிறந்தது. நீர்மூழ்கியில் வடதுருவம் போகும் கனவோடு இத்துறைக்கு வந்த ஹெர்மன் அன்ஷூட்ஸ்-கேம்ஃபெ, 1908இல் தன் சுழல் திசைகாட்டியை ஜெர்மானியப் போர்க்கப்பலில் சோதித்தார். அமெரிக்காவில் எல்மர் ஸ்பெரியின் கருவி 1911இல் கடலுக்குப் போனது. இருவருக்கும் இடையே எழுந்த காப்புரிமை வழக்கில் நிபுணராகக் கருத்துச் சொன்னவர் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன். பின்னர் 1920களில் அதே ஐன்ஸ்டைன், கீல் நகரில் அன்ஷூட்ஸ் உருவாக்கிய புதிய திசைகாட்டிக்கு உதவினார். இரண்டு சுழல்சக்கரங்களை உள்ளே வைத்து மூடிய கோளம் ஒன்று திரவத்தில் மிதக்கும். அது சுவரில் மோதாமல் நடுவிலேயே நிற்க, மாறுமின்னோட்டச் சுருளின் காந்தப்புலத்தால் அதைத் தள்ளி நிறுத்தலாம் என்பது ஐன்ஸ்டைனின் யோசனை. தொடாமல் தாங்குவது என்ற எண்ணம் இங்கே தெளிவாகவே பிறந்துவிட்டது. இந்த நிகழ்ச்சி ஐன்ஸ்டைனின் வாழ்க்கை வரலாற்றில் ஒரு சுவையான துணுக்காகச் சுருக்கப்படுவது எனக்கு வருத்தம் தருகிறது. கருவியின் வரலாற்றில் அது ஒரு திருப்புமுனை.

மிதக்கவிடும் வழியை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கருவியியல் ஆய்வகத்தின் சார்ல்ஸ் ஸ்டார்க் டிரேப்பர். சக்கரம் இருக்கும் உருளையைச் சம அடர்த்தியுள்ள திரவத்தில் மிதக்கவிட்டால் அச்சுமுனைகள் தாங்க வேண்டிய எடை ஏறக்குறைய இல்லாமல் போகும். இந்த வழியில் அமைந்த கருவிகளோடு 1953இல் ஒரு விமானம், வெளியிலிருந்து எந்தச் சைகையும் பெறாமல், மாசசூசெட்ஸிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வரை வழி கண்டு பறந்தது. இதே குடும்பத்தைச் சேர்ந்தவைதான் ஹபிள் விண்தொலைநோக்கியின் சுழல்காட்டிகளும். அவற்றின் சக்கரம் வாயுப்படலத்தின்மேல் நிமிடத்துக்கு 19,200 முறை சுழல்கிறது. சக்கரத்தைக் கொண்ட உருளை கெட்டியான திரவத்தில் மிதக்கிறது. 1999 நவம்பரில் நான்காவது சுழல்காட்டியும் பழுதாகி ஹபிள் ஆய்வை நிறுத்தியது. அவற்றைப் படுத்திய நோய் சக்கரத்திலோ அதன் வேகத்திலோ இல்லை. உருளைக்கு மின்சாரம் கொண்டுபோகும், தலைமுடி அளவேயான மெல்லிய கம்பிகள் திரவத்துக்குள் அரித்துப் போயின. திரவத்தை உள்ளே செலுத்தப் பயன்படுத்திய காற்றின் ஆக்சிஜனே அரிப்புக்குக் காரணம் என்று கண்டு, பின்னர் நைட்ரஜனுக்கு மாறினார்கள். சக்கரத்தோடு வெளியுலகம் வைத்திருக்கும் கடைசித் தொடர்புதான் எப்போதும் முதலில் கெடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

1960களில் உருவான இசைவுச் சுழல்காட்டி வேறு பாதையில் போனது. திரவத்தை முற்றிலும் கைவிட்டதால் இதை உலர் சுழல்காட்டி என்றும் சொல்வார்கள். அடியில் மோட்டார், அதன்மேல் தண்டு, தண்டின் தலையில் மிக மெல்லிய வளைதகடுகளாலான இணைப்பு, அதைச் சூழ்ந்து சக்கரம் என்று கருவி மாடி மாடியாக எழும்புகிறது. அடுக்கு என்ற சொல் முழுப் பொருளோடு பொருந்துவது இங்கிருந்துதான். சக்கரம் தண்டிலிருந்து சற்றே சாய்ந்தால் வளைதகடுகள் வில்லைப்போல் அதைத் திரும்ப இழுக்கும். அது நமக்கு வேண்டாத விசை. ஆனால் தண்டுக்கும் சக்கரத்துக்கும் இடையில் உள்ள சிறு வளையம் ஒவ்வொரு சுற்றுக்கும் இருமுறை ஆடுகிறது. அந்த ஆட்டத்தின் நிலைமம் எதிர்த்திசையில் தள்ளுகிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் இரண்டும் சரியாகச் சமன்பட்டு, சக்கரம் எதனோடும் இணைக்கப்படாததுபோல் நடந்துகொள்கிறது. பேரிங்கின் உராய்வு தண்டோடு நின்றுவிடுகிறது, அளவைத் தொடுவதில்லை. திருவனந்தபுரத்தில் உள்ள இஸ்ரோவின் நிலைமக் கருவிகள் பிரிவு உருவாக்கி, இந்திய ஏவுகலங்களுக்கு வழிகாட்டியதும் இவ்வகைதான். இங்கே வேகத்தைத் தேர்ந்தெடுப்பதே தாங்கியை மறையச் செய்வதற்காகத்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். வேகத்தைக் கூட்டினால் கருவி மேம்படாது, கெடும்.

இனி அளவைக் குறைக்கும் முயற்சி. சக்கரத்தின் எல்லா அளவுகளையும் பத்தில் ஒரு பங்காக்கினால் நிறை ஆயிரத்தில் ஒரு பங்காகும். ஆரத்தின் இருமடி நூறில் ஒரு பங்காகும். எனவே அதே வேகத்தில் கோண உந்தம் லட்சத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். பரப்பைச் சார்ந்த தொல்லைகளான ஒட்டல், ஈரப்பசை, காற்றின் இழுப்பு, தேங்கும் மின்னூட்டம் ஆகியவை அவ்வளவு வேகமாகக் குறைவதில்லை. பரப்பு நூறில் ஒரு பங்காகவே குறைகிறது. ஆகவே பெரிய கருவியில் பொறுத்துக்கொள்ளக்கூடிய பேரிங், மில்லிமீட்டர் அளவில் கருவியையே விழுங்கிவிடும். 1990களில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நுண்சக்கரத்தைக் காந்தப்புலத்தில் மிதக்கவிட முயன்றதும் இதனால்தான். ஐன்ஸ்டைனின் சுருள் சிறுவடிவில் திரும்பி வந்தது என்றே சொல்லலாம்.

ஜப்பானின் செண்டாய் நகரில் தொஹோகு பல்கலைக்கழகத்தின் மசாயோஷி எசாஷி குழுவும் தோகிமெக் நிறுவனமும் நிலைமின் விசையைத் தேர்ந்தெடுத்தன. 1.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிக்கன் வளையம் ஒன்று இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே, எதையும் தொடாமல், வெற்றிடத்தில் மிதந்து, நிமிடத்துக்கு 74,000 முறை சுழன்றது. மேல் கண்ணாடியிலும் கீழ்க் கண்ணாடியிலும் உலோக மின்வாய்கள் படிந்திருக்கின்றன. நடுத்தளத்தில் வளையமும், அது பக்கவாட்டில் விலகாமல் காக்கும் மின்வாய்களும் ஒரே சிலிக்கன் தகட்டிலிருந்து செதுக்கப்படுகின்றன. நிலையான மின்புலத்தால் மட்டும் ஒரு பொருளை உறுதியாக மிதக்கவிட முடியாது என்று சாமுவேல் எர்ன்ஷா 1842இலேயே நிறுவிவிட்டார். எனவே வளையத்தின் நிலையை மின்தேக்குத்திறன் மாற்றத்தால் இடைவிடாமல் அளந்து, மின்னழுத்தத்தை நொடிக்கு நொடி திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். இந்தக் கட்டாயமே பெரும் நன்மையாக மாறியது. வளையத்தை நடுவில் வைத்திருக்க எவ்வளவு மின்னழுத்தம் தேவைப்பட்டதோ அதுவே அளவு. இரண்டு அச்சுகளைச் சுற்றிய சுழற்சியும், மூன்று திசைகளின் முடுக்கமும் ஒரே வளையத்திலிருந்து கிடைக்கின்றன. ஃபூக்கோவின் கருவியில் தனித்தனியாக இருந்த தாங்கியும் அளவியும் இங்கே ஒரே மின்வாய்ப் பரப்பில் ஒன்றாகிவிட்டன.

அந்த 74,000 என்ற எண்ணைப் பார்த்து, வேகமே இங்கும் வென்றது என்று ஒருவர் சொல்லக்கூடும். கணக்குப் போட்டால் வளையத்தின் விளிம்பு நொடிக்கு ஆறு மீட்டருக்கும் குறைவாகவே நகர்கிறது. விரைந்து போகும் சைக்கிளின் வேகம். சிலிக்கனின் வலிமை இதைவிடப் பன்மடங்கு தாங்கும். மீதி வேகத்தைத் தடுப்பது எஞ்சிய வாயுவும், சுழற்றும் விசையின் குறைவும், மிதப்பைக் கட்டுப்படுத்தும் மின்சுற்றுமே. அடுக்கு வடிவம் சிலிக்கன் தொழிற்சாலையின் வசதிக்காக வந்தது, கருவிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்ற மறுப்பு இதைவிட வலுவானது. ஒளியால் தகட்டில் வடிவம் பதிக்கும் முறையில் தட்டையானவற்றையே செதுக்க முடியும் என்பது உண்மை. ஆனால் மெல்லிய வளையத்துக்குச் சுழலச்சில் உள்ள நிலைமத் திருப்புத்திறன், விட்டத்தைச் சுற்றி உள்ளதைப்போல் இருமடங்கு. உறுதியாகச் சுழல்வதற்கு இதைவிட ஏற்ற வடிவம் இல்லை. செய்முறை கட்டாயப்படுத்தியதும் இயற்பியல் விரும்பியதும் ஒன்றாகவே அமைந்தன.

கைப்பேசிகளில் இருப்பது அதிரும் சுழல்காட்டிதானே, சக்கரம் தோற்றுவிட்டதே என்பது மூன்றாவது மறுப்பு. எண்ணிக்கையில் அது மறுக்க முடியாதது. 1991இல் டிரேப்பர் ஆய்வகம் சிலிக்கனில் அதிரும் சுழல்காட்டியைச் செய்து காட்டிய பிறகு சந்தை அப்பக்கமே போனது. அதன் வெற்றிக்குக் காரணம் அதில் பேரிங் இல்லாததே. நகரும் பகுதி வளையும் சிலிக்கன் இழைகளில் தொங்குகிறது. அதாவது சக்கரத்தை வென்றதும் தாங்குவதற்கான எளிய வழிதான். ஆனால் அதில் பெரிய அதிர்வுக்குள் ஒளிந்திருக்கும் மிகச் சிறிய குறுக்கசைவைத் தேடிப் பிடிக்க வேண்டும். இழைகளில் உள்ள சிறு பிழையும் பொய்யான சுழற்சியாகத் தோன்றும். மிதக்கும் வளையத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒளியால் சுழற்சியை அளக்கும் கருவிகளின் உணர்வோ ஒளிப்பாதை சூழும் பரப்பைப் பொறுத்தது. அவற்றை விரல்நுனி அளவுக்குச் சுருக்கினால் உணர்வும் சுருங்கும். வெற்றிடம், உயர் மின்னழுத்தம், ஓயாத கட்டுப்பாடு என்று வளையம் கேட்கும் விலை அதிகம் என்பதை நான் மறுக்கவில்லை. அந்த விலை முழுவதும் தாங்குவதற்கான விலைதான், சுழற்றுவதற்கானதன்று.

தொடாமல் தாங்குவதுகூட முழு விடுதலை தருவதில்லை. 2004 ஏப்ரலில் ஏவப்பட்ட கிராவிட்டி புரோப் பி விண்கலத்தில் 38 மில்லிமீட்டர் விட்டமுள்ள குவார்ட்ஸ் கோளங்கள் நான்கு, நயோபியம் பூசப்பட்டு, சுவரிலிருந்து சுமார் 32 மைக்ரான் இடைவெளியில் மின்புலத்தால் நிறுத்தப்பட்டுச் சுழன்றன. பூமியின் சுழற்சி வெளியையே இழுத்துச் செல்கிறதா என்று அறிவது அவற்றின் வேலைகளில் ஒன்று. கோளங்களின் மேற்பரப்பிலும் உறையிலும் திட்டுத்திட்டாக இருந்த மின்னழுத்த வேறுபாடுகள் எதிர்பாராத திருப்பு விசையைத் தந்தன. அதைக் கணக்கிட்டு நீக்கி முடிவை வெளியிட 2011 ஆனது. செண்டாய் வளையத்துக்கும் அதன் கண்ணாடித் தளங்களுக்கும் இடையே உள்ளது அதைவிடக் குறுகிய, சில மைக்ரான் இடைவெளி. அந்த இடைவெளியின் இருபுறமும் தேங்கும் மின்னூட்டத்தை எப்படி அடக்குவது என்பதுதான் இத்துறையில் இன்று வேலை செய்பவர்களின் முன் நிற்கும் கேள்வி.