பிரிஸ்டல் வாத்தியாரின் நாலாவது கயிறு

பட்டம் விட்டவர்களுக்குச் சூத்திரம் தெரியும். யாழ்ப்பாணத்தில் முச்சை என்பார்கள். பட்டத்தின் முகத்தில் கட்டி, விடுகிற நூலோடு சேர்க்கிற சின்னக் கயிறுகள். அந்த முடிச்சை ஒரு விரல் மேலே தள்ளினால் பட்டம் ஒரு மாதிரி பறக்கும், கீழே தள்ளினால் வேற மாதிரி. ஆளையே இழுத்துக்கொண்டு போகும் ராட்சதப் பட்டங்களின் 200 வருஷக் கதையும் கிட்டத்தட்ட இந்த முடிச்சின் கதைதான்.

காரணம் எளிய கணக்கு. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் இழுவை நாலு மடங்காகும். கையில் பிடித்த சின்னப் பட்டம் என்றால் நூலை விட்டுவிடலாம். பட்டத்தோடு ஆளைக் கட்டியிருந்தால்? அப்போது காற்றைப் பிடிப்பதைவிட, வேண்டாதபோது வெளியே விடுவதுதான் பெரிய பாடு. முடிச்சை மேலே நகர்த்தினால் பட்டம் படுத்தவாக்கில் பறக்கும், காற்று வழுக்கிப் போய்விடும், இழுவை குறையும். ஆனால் வானத்தில் இருக்கும் பட்டத்தின் முடிச்சை எப்படி நகர்த்துவது?

இதற்கு வழி சொன்னவர் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்துப் பள்ளி ஆசிரியர் ஜார்ஜ் போகாக். 1824ல் தன் மகள் மார்த்தாவை நாற்காலியில் உட்காரவைத்து, பட்டத்தால் 270 அடி உயரத்துக்குத் தூக்கிய மனுஷன்! (இந்த மார்த்தாதான் பின்னாளில் கிரிக்கெட் மேதை டபிள்யூ. ஜி. கிரேஸின் அம்மா.) 1826ல் பட்டம் இழுக்கும் வண்டிக்குக் காப்புரிமை வாங்கினார். பெயர் சார்வோலன்ட். மணிக்கு 20 மைல் வரை ஓடியது. அன்றைய சுங்கச்சாவடிகளில் குதிரைக் கணக்கில்தான் வரி. இதில் குதிரையே இல்லையே, வரியும் இல்லை!

விஷயம் வேகத்தில் இல்லை, கயிற்றில் இருக்கிறது. போகாக் 4 கயிறுகள் வைத்தார். பக்கத்துக் கயிறுகள் பட்டத்தைத் திருப்ப, இன்னொன்று சாய்வை மாற்ற. வண்டியில் உட்கார்ந்தபடியே இழுவையைக் கூட்டிக் குறைக்கலாம். ஓடுகிற புரோகிராமை நிறுத்தாமலே செட்டிங்கை மாற்றுகிற மாதிரி.

1830ல் லிவர்பூல்–மான்செஸ்டர் ரயில் வந்துவிட்டது. காற்றுக்குக் காத்திருக்கும் வண்டியை யார் சீந்துவார்கள்? 1970களில் பீட்டர் பவலின் பட்டம் இங்கிலாந்தில் பிரபலமானபோது அதில் 2 கயிறுகள்தான். திருப்பலாம், வித்தை காட்டலாம். சாய்வை மாற்ற முடியாது.

1984ல் பிரான்சின் லெகென்யூ சகோதரர்கள் காற்றடைத்த பட்டத்துக்குக் காப்புரிமை எடுத்தார்கள். அலைமேல் பட்டம் இழுக்கப் பலகையில் போகும் விளையாட்டு அதிலிருந்து வளர்ந்தது. ஆரம்பகாலப் பட்டங்களில் இழுவையை ஓரளவுதான் குறைக்க முடியும். திடீர்க் காற்றில் ஆட்கள் கரைமேல் தூக்கி வீசப்பட்டார்கள், உயிர்களும் போயின. 2005 வாக்கில் வந்த 'போ' வகைப் பட்டங்களில் முன்விளிம்பிலேயே சூத்திரம் கட்டினார்கள். பின்விளிம்பை உள்வளைவாக வெட்டினார்கள். கைப்பிடிக் கம்பை முன்னே தள்ளினால் இழுவை கிட்டத்தட்ட முழுசும் போய்விடும். போகாக் தேடியதும் இதைத்தானே?

இன்றைக்கும் இந்தப் பட்டங்களில் பராமரிப்பு என்றால் முதலில் கயிறுதான். பாரத்தில் பெரும்பங்கைத் தாங்குவதால் முன்கயிறுகள் நாளடைவில் கொஞ்சம் நீளும். பின்கயிறுகள் ஒப்பீட்டில் குட்டையாகிவிடும். பட்டம் பின்பக்கமாகச் சரியும். பட்டம் கெட்டுப்போச்சு என்று புதுசு வாங்கக் கிளம்புவதற்கு முன், நாலு கயிற்றையும் ஒரே கம்பத்தில் மாட்டி, ஒரே அளவாக இழுத்துப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் கம்புப்பக்க முனையில் முடிச்சை மாற்றிப்போட்டுச் சமன் செய்தால் போதும். பல சமயம் பட்டம் பழையபடி பறந்துவிடும்.