கற்றல் கற்பித்தல் ஆய்வு மையம், மிச்சிகன் பல்கலைக்கழகம்

கற்றல் கற்பித்தல் ஆய்வு மையம் என்பது அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரிலுள்ள மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1962 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அமைப்பாகும். பல்கலைக்கழக ஆசிரியர்களின் கற்பித்தல் பணிக்குத் துணை நிற்பதற்கென்றே அந்நாட்டில் தோன்றிய முதல் மையமாக இது கருதப்படுகிறது.

பின்னணி

பள்ளி ஆசிரியராக விரும்புவோர் கற்பித்தல் பயிற்சி பெற வேண்டும். பல்கலைக்கழகத்தில் நிலைமை வேறு. ஒரு துறையில் ஆய்வுப் பட்டம் பெற்றவர் பெரும்பாலும் எந்தப் பயிற்சியுமின்றியே வகுப்பறைக்குள் நுழைந்தார். பாடம் அறிந்தவருக்குப் பாடம் நடத்தவும் தெரியும் என்று நம்பப்பட்டது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1944 ஆம் ஆண்டுச் சட்டத்தின் உதவியோடு முன்னாள் படைவீரர்கள் கல்லூரிகளில் பெருமளவில் சேர்ந்தனர். வகுப்புகள் பெருகின. ஆய்வு மாணவர்களும் பாடம் நடத்த வேண்டியதாயிற்று. மிச்சிகன் உளவியல் துறையைச் சேர்ந்த வில்பர்ட் மெக்கீச்சி, புதிதாகப் பாடம் நடத்துவோருக்காக எழுதிய 'டீச்சிங் டிப்ஸ்' என்னும் கையேடு 1951 இல் வெளிவந்தது.

கருவிகளும் அக்காலத்தில் கவனம் பெற்றன. ஆர்வர்டு பல்கலைக்கழக உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் 1950களில் கற்பிக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். பாடத்தைச் சிறு சிறு படிகளாகப் பிரித்தல், விடை சரியா என்பதை உடனே தெரிவித்தல், அவரவர் வேகத்தில் கற்கவிடுதல் ஆகியவை அதன் அடிப்படைகள். 1957 இல் சோவியத் ஒன்றியம் இசுப்புட்னிக்கை ஏவியதும் கல்வி குறித்த கவலை அமெரிக்காவில் தீவிரமானது. 1958 ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் கல்வி ஊடக ஆய்வுகளுக்கும் நிதி வழங்கியது. 1960 இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்டு பிட்சர் தலைமையில் 'பிளேட்டோ' என்ற கணினிவழிக் கற்பித்தல் திட்டம் தொடங்கியது.

தோற்றமும் பணிகளும்

இச்சூழலில் பிறந்த மையத்தின் முதல் இயக்குநர் உளவியலாளர் இசுடான்போர்டு எரிக்சன். கணினிவழிக் கற்பித்தல் அதன் தொடக்ககால ஆய்வுகளுள் ஒன்று. கார்ல் சின் இத்துறையில் பணியாற்றினார். ஆயினும் மையம் கருவிகளோடு நின்றுவிடவில்லை. கற்றல் பற்றிய ஆய்வு முடிவுகளைப் பிற துறை ஆசிரியர்களுக்கும் விளங்கும்படி சுருக்கி, மடல் வரிசையாக எரிக்சன் வெளியிட்டார். மெக்கீச்சி 1975 முதல் 1983 வரை இயக்குநராக இருந்தார்.

மையத்தின் இன்றைய சேவைகளுள் ஒன்று பருவ இடைக் கருத்தறிதல். ஆசிரியர் அழைத்தால் மையத்தின் ஆலோசகர் வகுப்பைப் பார்வையிடுவார். பின்னர் ஆசிரியர் இல்லாத நேரத்தில் மாணவர்களிடம் கருத்துக் கேட்டு, அதை ஆசிரியரிடம் மட்டும் தெரிவிப்பார். பருவம் முடியுமுன்பே குறைகளைத் திருத்திக்கொள்ள இது வழிசெய்கிறது. கண்காணிப்பு என்ற அச்சமின்றி ஆசிரியர்கள் உதவி நாடுவதற்கு இந்த இரகசியக் காப்பு இன்றியமையாதது.

தாக்கம்

1975 இல் ஆர்வர்டு, இசுடான்போர்டு பல்கலைக்கழகங்களிலும் கற்பித்தல் மையங்கள் தோன்றின. இத்தகைய பணியில் ஈடுபட்டோருக்கான வட அமெரிக்க வலையமைப்பு 1976 இல் உருவானது. கற்பித்தல் பிறவித் திறமை அன்று, கற்றுத் தேறக்கூடிய தொழில் என்னும் கருத்து உயர்கல்வியில் வேரூன்ற இம்மையங்கள் துணைபுரிந்தன.