பட்டு நூலும் செல் அறிவியலும்: முசுக்கொட்டை இலை, பட்டுப்புழு, நுண்ணோக்கி

ஆரணி, திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த பட்டு நெசவு நகரம். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. தறிகளுக்கு வேண்டிய கச்சாப் பட்டு பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. எனவே ஊருக்குள் வரும்போதே பட்டு நூலாகத்தான் வருகிறது. அது நூலாவதற்கு முன் இரு வகைச் செல்களின் வேலை நடந்து முடிந்திருக்கும். ஒன்று முசுக்கொட்டை எனப்படும் மல்பெரி இலையின் தாவரச் செல். மற்றொன்று பட்டுப்புழுவின் விலங்குச் செல்.

உயிரணு எனப்படும் செல்லைப் பற்றிய அறிவு வளர்ந்த வரலாற்றில் பட்டுப்புழுவுக்குத் தனி இடம் உண்டு. அந்த அறிவு திரும்பி வந்து பட்டுத் தொழிலை அழிவிலிருந்து காத்தது. பார்மசி படிப்பின் முதல் ஆண்டில் செல் உயிரியல் பயிலும் மாணவர்கள் தாவரச் செல், விலங்குச் செல் வேறுபாட்டை வெறும் அட்டவணையாக மனப்பாடம் செய்வது வழக்கம். அந்த அட்டவணைக்குப் பின்னால் உள்ள வரலாற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

பருத்தியும் பட்டும்

புடவை அசல் பட்டா என்று அறிய ஓர் இழையைப் பிரித்து எரித்துப் பார்ப்பது பழைய வழக்கம். பருத்தி இழை காகிதம் எரிவது போன்ற மணத்துடன் எரிந்து மெல்லிய சாம்பலாகும். பட்டு இழை முடி கருகும் நாற்றத்துடன் சுருண்டு, கையால் நசுக்கினால் பொடியாகும் கரிய உருண்டையை விடும். இச்சோதனை உண்மையில் தாவரச் செல்லின் விளைபொருளையும் விலங்குச் செல்லின் விளைபொருளையும் பிரித்துக் காட்டுகிறது.

பருத்தியின் ஒவ்வோர் இழையும் ஒரே ஒரு தாவரச் செல். விதையின் மேல்தோலில் உள்ள ஒரு செல் நீண்டு இழையாகிறது. செல் இறந்தபின் எஞ்சுவது அதன் செல் சுவர். அது பெரும்பாலும் செல்லுலோஸ். ஆட்டு உரோமம் கெரட்டின் புரதம் நிறைந்த இறந்த விலங்குச் செல்களின் அடுக்கு. பட்டு இவ்விரண்டிலிருந்தும் வேறானது. பட்டு இழையில் செல்லே இல்லை. அது செல்கள் சுரந்து வெளியே தள்ளிய புரதம் மட்டுமே.

இலையையும் புழுவையும் ஒருவரே ஆராய்ந்தார்

1665இல் இலண்டன் அரச கழகம் வெளியிட்ட தம் நூலில் இராபர்ட் ஹூக், தக்கையின் மெல்லிய சீவலில் கண்ட சிறு அறைகளுக்குச் செல் என்று பெயரிட்டார். அவர் கண்டவை உயிரற்ற தாவரச் செல்களின் சுவர்கள்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1669இல், அதே கழகம் இத்தாலிய மருத்துவர் மார்செல்லோ மல்பீகியின் நூல் ஒன்றை வெளியிட்டது. அதன் பொருள் பட்டுப்புழு. ஒரு பூச்சியின் உள்ளுறுப்புகள் முழுவதையும் நுண்ணோக்கியால் ஆராய்ந்து விவரித்த முதல் நூல் என்று அது போற்றப்படுகிறது. புழுவின் மூச்சுக் குழல்கள், பட்டுச் சுரப்பி, கழிவு நீக்கும் நுண்குழல்கள் ஆகியவற்றை அவர் படமாக வரைந்தார். அந்தக் கழிவுக் குழல்கள் இன்றும் மல்பீகியன் குழல்கள் என்றே பள்ளிப் பாடநூல்களில் உள்ளன.

மல்பீகி அத்துடன் நிற்கவில்லை. 1675லும் 1679லும் தாவர உடற்கூறு பற்றி இரு பாகங்கள் வெளியிட்டார். தாவரத் திசுக்கள் சிறு பைகளால் ஆனவை என்று எழுதினார். ஆயினும் இலைக்குள் உள்ள பைகளும் விலங்கின் உடலில் உள்ள நுண்பகுதிகளும் ஒரே வகை அலகு என்ற கருத்து உருவாக இன்னும் ஒன்றரை நூற்றாண்டு தேவைப்பட்டது.

செல் கோட்பாடு பிறந்த விதம்

தாமதத்துக்குக் காரணம் எளிது. தாவரச் செல்லைச் சுற்றித் தடித்த சுவர் உண்டு. அது சாதாரண நுண்ணோக்கியிலும் தெளிவாகத் தெரியும். விலங்குச் செல்லைச் சுற்றி மெல்லிய சவ்வு மட்டுமே உண்டு. சாயம் ஏற்றாத திசுவில் ஒரு செல் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று அறிவது கடினம்.

1831இல் இராபர்ட் பிரௌன் ஆர்க்கிட் செடியின் செல்களில் வட்டமான ஒரு பகுதியைக் கண்டு அதற்கு நியூக்ளியஸ் எனப் பெயரிட்டார். தமிழில் அது உட்கரு. 1838இல் ஜெர்மானியத் தாவரவியலாளர் மத்தியாஸ் ஷ்லெய்டன், தாவரங்கள் யாவும் செல்களால் ஆனவை என்றார். தியோடோர் ஷ்வான் அவரிடமிருந்து உட்கருவைப் பற்றிக் கேட்டறிந்தார். தலைப்பிரட்டையின் முதுகுநாணிலும் குருத்தெலும்பிலும் அதே போன்ற உட்கருவைக் கண்டார். 1839இல் விலங்குகளும் செல்களால் ஆனவையே என்று அறிவித்தார். சுவர் தெரியாத இடத்தில் உட்கருவே செல்லுக்கு அடையாளமாயிற்று. 1855இல் ருடால்ஃப் விர்ஹோ, செல் ஒவ்வொன்றும் முன்பிருந்த செல்லிலிருந்தே தோன்றுகிறது என்ற கருத்தை நிலைநாட்டினார்.

இதே ஷ்லெய்டன் மருந்துத் துறைக்கும் ஒரு கொடை தந்தார். 1847இல் சர்சபரில்லா வேரின் வகைகளை, வேருக்குள் இருக்கும் செல்களின் வடிவத்தைக் கொண்டே பிரித்தறியலாம் என்று காட்டினார். பொடியாக்கிய மூலிகையை இலைத்துளை, தூவி, ஸ்டார்ச் மணி, படிகம் ஆகியவற்றால் இனங்காணும் இன்றைய பார்மசி ஆய்வகப் பயிற்சி இந்த வழியில் வந்ததே.

முசுக்கொட்டை இலையின் செல்

முசுக்கொட்டை இலையின் செல்லில் செல்லுலோஸ் சுவர், பசுங்கணிகம், பெரிய நுண்குமிழ் மூன்றும் உண்டு. இவை விலங்குச் செல்லில் இல்லை. பசுங்கணிகம் ஒளியைக் கொண்டு சர்க்கரை தயாரிக்கிறது. நுண்குமிழ் நீரைத் தேக்கி இலையை விறைப்பாக வைக்கிறது. இலை வாடினால் புழு சரியாகத் தின்னாது. ஆகவே பறித்த இலையை ஈரச் சாக்கால் மூடி வைப்பார்கள். நுண்குமிழ்களிலிருந்து நீர் வெளியேறாமல் காக்கும் ஏற்பாடு அது.

இவ்விலையின் மேல்தோல் செல்கள் சிலவற்றில் கால்சியம் கார்பனேட் திரள்கள் இருக்கும். காம்பை ஒடித்தால் வெள்ளைப் பால் வடியும். அந்தப் பாலில் சர்க்கரையைப் போன்ற உருவமுடைய டிஆக்ஸிநொஜிரிமைசின் என்ற ஆல்கலாய்டு உள்ளது. மற்றப் புழுக்களுக்கு அது நஞ்சு. பட்டுப்புழு அதைத் தாங்கிக்கொள்ளும். மாவுச்சத்தைச் செரிக்கும் நொதியைத் தடுப்பது இப்பொருளின் இயல்பு. நீரிழிவுக்குத் தரப்படும் மிக்ளிட்டால் என்ற மருந்து இதன் வழிப்பொருளே.

பட்டுச் சுரப்பியின் செல்

பட்டுப்புழுவின் செல்லில் சுவரும் பசுங்கணிகமும் இல்லை. உட்கரு, மைட்டோகாண்ட்ரியா, ரைபோசோம், எண்டோபிளாச வலைப்பின்னல், கோல்கை உறுப்பு ஆகியவை இலையின் செல்லைப் போலவே இங்கும் உண்டு. இந்த ஒற்றுமைதான் செல் கோட்பாட்டின் சாரம்.

பட்டுச் சுரப்பி, உமிழ்நீர்ச் சுரப்பியின் மாற்றுருவம். உடலின் இருபுறமும் ஒவ்வொன்றாக இரண்டு சுரப்பிகள் உள்ளன. சுரப்பியின் பின்பகுதி பைப்ராயின் என்ற புரதத்தையும், நடுப்பகுதி செரிசின் என்ற பசைப் புரதத்தையும் சுரக்கின்றன. முட்டைக்குள் கரு வளரும் காலத்திலேயே இச்சுரப்பியின் செல் எண்ணிக்கை முடிவாகிவிடுகிறது. அதன்பின் செல்கள் பிரிவதில்லை. பருக்க மட்டும் செய்கின்றன. உள்ளே டிஎன்ஏ மீண்டும் மீண்டும் இரட்டிப்பாகிறது. இறுதிப் பருவத்தில் ஒரு செல்லின் டிஎன்ஏ, சாதாரண செல்லில் உள்ளதைப்போல் பல்லாயிரம் மடங்குக்கும் மேல் பெருகிவிடும். உட்கருவும் உருண்டையாக இராமல் மரக்கிளை போலப் பரவிக் கிடக்கும். குறுகிய நாட்களில் பெருமளவு புரதம் செய்ய வேண்டியிருப்பதே இதற்குக் காரணம். ஒரே புரதத்தை இவ்வளவு செய்வதால், 1972இல் சுசுகி, டொனால்டு பிரௌன் ஆகியோர் பைப்ராயினுக்கான தூது ஆர்என்ஏவைப் பிரித்தெடுக்க இச்சுரப்பி வசதியாக அமைந்தது.

ரைபோசோமில் உருவாகும் புரதம் எண்டோபிளாச வலைப்பின்னல் வழியாகக் கோல்கை உறுப்பை அடைந்து, சிறு பைகளில் அடைக்கப்பட்டு, சுரப்பியின் உட்குழலுக்குள் விடப்படுகிறது. இரு பைப்ராயின் இழைகளைச் செரிசின் பசை ஒட்டி ஒரே நூலாக்குகிறது. கச்சாப் பட்டின் எடையில் ஏறத்தாழக் கால் பங்கு இந்தப் பசை. சாயம் போடுவதற்கு முன் சோப்பும் சோடாவும் கலந்த நீரில் பட்டை வேகவைத்துப் பசை நீக்குவார்கள். ஒரு கிலோ கச்சாப் பட்டு ஏறத்தாழ முக்கால் கிலோவாகக் குறையும். நெசவாளர் கணக்கில் வரும் இந்தக் கழிவு, நடுப்பகுதிச் செல்கள் சுரந்ததன் அளவே.

தொழிலை உலுக்கிய நோய்

19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பாவில் பட்டுப்புழுக்கள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. உடலில் மிளகு தூவினாற்போல் கரும்புள்ளிகள் தோன்றியதால் அந்நோய் பெப்ரின் எனப்பட்டது. பிரான்சில் 1853இல் சுமார் 26,000 டன்னாக இருந்த பட்டுக்கூடு விளைச்சல் 1865இல் சுமார் 4,000 டன்னாக வீழ்ந்தது.

பட்டுப்புழு நோயை நுண்ணுயிருடன் இணைத்துப் பார்ப்பது அப்போது முற்றிலும் புதிதல்ல. இத்தாலியின் அகோஸ்டினோ பாஸி 1835இலேயே, புழுவைச் சுண்ணாம்புக் கட்டிபோல் வெளுத்து இறுகச் செய்யும் நோய்க்கு ஒரு பூஞ்சையே காரணம் என்று காட்டியிருந்தார். பெப்ரின் கண்ட புழுக்களில் தென்பட்ட முட்டை வடிவ நுண்துகளுக்கு 1857இல் நேகெலி நோசிமா பாம்பிசிஸ் எனப் பெயரிட்டிருந்தார். ஆனால் அத்துகள் நோயின் காரணமா, விளைவா என்பது தெளிவாகவில்லை.

1865இல் லூயி பாஸ்டர் தென் பிரான்சின் அலே நகருக்கு அனுப்பப்பட்டார். வேதியியலாளரான அவருக்குப் பட்டுப்புழு புதிது. தொடக்கத்தில் அந்தத் துகள்களை நோயின் விளைவு என்றே அவரும் எண்ணினார். பின்னர்க் கருத்தை மாற்றிக்கொண்டார். நோய் தாயிடமிருந்து முட்டை வழியாகவும் பரவுகிறது என்று கண்டறிந்தார். 1870இல் தம் முடிவுகளை இரு தொகுதிகளாக வெளியிட்டார்.

அவர் வகுத்த முறை எளியது. ஒவ்வொரு பெண் அந்துப்பூச்சியையும் தனித்தனியாக முட்டையிடச் செய்ய வேண்டும். முட்டையிட்டபின் தாயின் உடலை அரைத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். நோய்த்துகள் தெரிந்தால் அந்தத் தாயின் முட்டைகளை அழித்துவிட வேண்டும். முட்டையைப் பார்த்து நோயை உணர முடியாத உழவருக்கு இம்முறை நம்பகமான விதையைத் தந்தது.

மருந்து ஏன் போதவில்லை?

பார்மசி மாணவர்கள் இங்கே ஒரு கேள்வி எழுப்பலாம். நோய்க்கிருமி தெரிந்தபின் மருந்து கொடுத்தால் என்ன?

பெனிசிலின் பாக்டீரியாவின் செல் சுவர் உருவாவதைத் தடுக்கிறது. மனிதச் செல்லுக்குச் சுவர் இல்லை. ஆகவே கிருமி சாகும், நோயாளி பிழைப்பார். கிருமியின் செல்லுக்கும் நோயாளியின் செல்லுக்கும் உள்ள வேறுபாட்டில்தான் மருந்து வேலை செய்கிறது. நோசிமா பாக்டீரியா அல்ல. உண்மையான உட்கரு கொண்ட உயிரி. முன்பு அதை ஒருசெல் விலங்காகக் கருதினர். இன்று பூஞ்சைகளுக்கு நெருங்கிய உறவாக வைக்கின்றனர். அதன் வித்து, சுருட்டி வைத்த நுண்குழலை வெளியே பாய்ச்சிப் புழுவின் செல்லைத் துளைத்து உள்ளே குடியேறுகிறது. புழுவின் செல்லைப் பல வகையில் ஒத்த ஓர் உயிரி, அந்தச் செல்லுக்குள்ளேயே, முட்டையிலும் தங்கியிருக்கும்போது, அதை மட்டும் தனியே அழிப்பது எளிதல்ல.

மற்றொரு கொடிய நோயான பால்நோய்க்குக் காரணம் ஒரு வைரஸ். அது புழுச்செல்லின் உட்கருவுக்குள் பெருகுகிறது. அதே வைரஸை 1985இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மாற்றியமைத்து, பட்டுப்புழுவுக்குள் மனித இன்டர்பெரான் புரதத்தை உருவாக்கினர். தோல் வழியே நுழையும் பூஞ்சை, செல்லுக்குள் வாழும் நோசிமா, உட்கருவுக்குள் பெருகும் வைரஸ் என்று நோய் இருக்கும் இடம் தெரிந்தால்தான் தடுக்கும் வழியும் தெரியும்.

இந்தியாவில்

வங்காளத்தின் பட்டுத் தொழிலும் 19ஆம் நூற்றாண்டில் பெப்ரினால் நலிந்தது. அந்நூற்றாண்டின் இறுதியில் நித்ய கோபால் முகர்ஜி பாஸ்டர் முறையை அங்கே அறிமுகப்படுத்தினார். விடுதலைக்குப்பின் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மத்திய பட்டு வாரியம் அமைந்தது. மைசூரில் மத்திய பட்டு வளர்ப்பு ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் 1961இல் தொடங்கப்பட்டது. தமிழகத்தில் இன்று கிருஷ்ணகிரி, தருமபுரி, ஈரோடு, திருப்பூர், தேனி போன்ற மாவட்டங்களில் பட்டு வளர்ப்பு நடைபெறுகிறது.

பட்டு முட்டை உற்பத்தி நிலையங்களில் தாய் அந்துப்பூச்சி ஆய்வு இன்றும் தொடர்கிறது. பூச்சியின் வயிற்றைப் பொட்டாசியம் கார்பனேட்டின் 0.6 விழுக்காட்டுக் கரைசலில் அரைத்து, ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, ஏறத்தாழ 600 மடங்கு பெருக்கத்தில் பார்க்கிறார்கள். திசுத்துணுக்குகள் கரைந்துவிட, நோசிமா வித்துகள் இருந்தால் பளபளக்கும் நீள்வட்டங்களாகத் தெரியும். ஒரு வித்தின் நீளம் ஏறத்தாழ 3 முதல் 4 மைக்ரான் மட்டுமே. அதைக் காணத் தவறினால், அந்த முட்டைகளை வாங்கிய உழவரின் ஒரு பருவ உழைப்பும், அவர் பறித்துப் போட்ட இலையும் வீணாகும். கூடு குறைந்தால் கச்சாப் பட்டின் விலை ஏறும். அந்தச் சுமை கடைசியில் ஆரணித் தறிக்காரர் வரை வந்து சேரும்.

விதை நன்றாக இருக்கிறது என்று சான்றளிக்கும் ஆய்வாளரிடம் உள்ள கருவிகள் மூன்றே: ஓர் உரல், ஒரு துளிக் கரைசல், ஒரு நுண்ணோக்கி. பி.பார்ம் முதலாண்டு ஆய்வகத்திலும் இவை உண்டு.