ஊர் மாறிய கற்கள்

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூருக்குப் போயிருக்கிறீர்களா? அங்கே சுமார் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் படுத்துக்கிடக்கிறது. தட்டிப் பார்த்தால்... கல்! சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடல் அந்தப் பக்கம் வரை வந்திருந்தபோது, சேற்றில் புதைந்து கல்லாகிப்போன மரம் அது. 1940-ல் அதைக் கண்டறிந்து சொன்னவர் புவியியல் நிபுணர் எம்.எஸ்.கிருஷ்ணன். அதே மாவட்டத்துக் காரை ஓடைகளில், ஆட்டுக்கடாவின் கொம்பு போலச் சுருண்ட 'அம்மோனைட்' என்ற கடல் பிராணியின் புதைபடிவங்களும் கிடைக்கின்றன.

அந்தக் கல்லுக்கு என்ன மதிப்பு? எந்த ஊரில், எந்தப் பாறை அடுக்கில் கிடைத்தது என்ற விவரம்தான்! அது இல்லாவிட்டால், சும்மா ஷோகேஸில் வைக்கிற பொம்மை.

அந்த விவரத்திலேயே ஒரு பேராசிரியர் பொய் சொன்னால்?

சொன்னார். சண்டிகரில் உள்ள பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் விஸ்வஜித் குப்தா, இமயமலைப் புதைபடிவங்கள் பற்றிச் சுமார் 25 ஆண்டுகளில் எழுதிக் குவித்த கட்டுரைகள் 300-க்கும் மேல். கூடச் சேர்ந்து எழுதியவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர். பலர் வெளிநாட்டு நிபுணர்கள். கல் குப்தாவிடமிருந்து வரும். நிபுணர்கள் அது என்ன உயிரினம் என்று சொல்வார்கள். கிடைத்த இடத்தைக் குப்தா எழுதிக்கொள்வார். நேரில் போய்ப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை!

1989 ஏப்ரலில் 'நேச்சர்' இதழில் குட்டு உடைந்தது. உடைத்தவர் ஆஸ்திரேலியப் பேராசிரியர் ஜான் டேலன்ட். இமயமலையில் கிடைத்ததாகச் சொன்ன அம்மோனாய்டுகள், பாரீஸ் கடைகளில் விற்கப்படும் மொராக்கோ நாட்டுச் சரக்கை அச்சாக ஒத்திருந்தன. பல் போன்ற நுண்ணிய சில படிவங்களோ நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்தவை!

குப்தா மறுத்தார். பல்கலைக்கழக விசாரணை அவரைக் குற்றவாளி என்றது. சரி, வேலை போச்சா? அதுதான் இல்லை. 2002-ல்தான் ஓய்வு பெற்றார். அவருடைய மோசடியைப் பற்றி வெளிப்படையாகப் பேசிய சக பேராசிரியர் அருண் தீப் அலுவாலியா, அதே துறையில்தான் ஆண்டுக்கணக்கில் காலம் தள்ள வேண்டியிருந்தது. ஆராய்ச்சிக் கனவோடு அங்கே சேர்ந்த ஒரு மாணவன் இதைப் பார்த்து என்ன பாடம் கற்றிருப்பான், யோசித்துப் பாருங்கள்.

இப்போது அரியலூருக்கு வாருங்கள். 1980-களில் கல்லமேடு பகுதியில், யாதகிரி, அய்யாசாமி என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு ராட்சத டைனோசரின் எலும்புகளை அறிவித்தார்கள். 'ப்ருஹத்காயோசாரஸ்' என்று பெயர். கால் எலும்பு மட்டும் சுமார் 2 மீட்டர்! ஆனால், உளுத்துப்போயிருந்த அந்த எலும்புகள் பத்திரப்படுத்துவதற்குள் பொடிந்துவிட்டன. 'அது எலும்பே இல்லை, கல்மரத் துண்டாக இருக்கும்' என்றுகூடச் சிலர் சந்தேகப்பட்டார்கள். 2022-ல்தான் பழைய புகைப்படங்கள் வெளியாகி, எலும்புதான் என்ற கருத்துக்குப் பலம் சேர்த்தன.

பொருள் அழிந்த பிறகு, நம்மிடம் மிஞ்சுவது ஆய்வாளரின் வாக்கு ஒன்றுதான். குப்தா காலி செய்தது இமயமலையின் சரித்திரத்தை மட்டுமல்ல, அந்த வாக்கின் மதிப்பையும்தான். அதற்கான விலையை வெயிலில் சுத்தியலோடு அலைகிற நேர்மையானவர்களும் சேர்த்தே கொடுக்க வேண்டியிருக்கிறது.

அரியலூர்ப் பக்கம் போகும்போது, கல்லைக் கையில் வைத்துக்கொண்டு ஏதாவது ஒரு மாணவி நோட்டில் ஊர்ப் பெயரைக் குறித்துக்கொண்டிருந்தால், கொஞ்சம் நின்று பாருங்கள். அந்த ஒரு வரி உண்மையாக இருந்தால்தான் மற்றதெல்லாம் ஆராய்ச்சி!